வெள்ளிக்கிழமை பிளக்

எங்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்குள் மேகம் வந்துவிட்டால் ஆட்கள் மறைந்துவிடுவார்கள். குரல்கள் மட்டும் இருக்கும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்படித்தான். மாடியில் உட்கார்ந்து ஒரே வரியை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். கீழே சத்தம். படியிறங்கிப் போனால்... வெள்ளை. தரை தெரிகிறது. தூண்களில் பாதி தெரிகிறது. மற்றதெல்லாம் மேகம். அந்த மேகத்துக்குள் குரல்கள் ஒன்றையொன்று தேடித் தேடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"காலையிலயே சொன்னனுங்களே சார், இன்னிக்கு எனக்கு வேணும்னு!"

"நாளைக்கு நாங்க ஊருக்குப் போவோணுமா, வேண்டாமா ஸ்டெல்லா?"

"அதுக்கு என்ர ஒயரை ஏனுங்க புடுங்குனீங்க?"

பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். தண்ணீர் மோட்டார் மூச்சை நிறுத்தியது. விளக்குகள் போயின. மேகத்துக்கு அப்பாலிருந்து இன்னொரு குரல், மிக நிதானமாக வந்தது.

"போச்சா? இப்ப சந்தோசமா?"

அது வீட்டுக்காரர் பெரியண்ணன்.

சண்டை எதற்கு? ஒரு பிளக்குக்கு. சுவரில் பதித்த, மூன்று ஓட்டை உள்ள, சாதாரண பிளக்.

இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் ஓர் ஊரில் நிலைத்து இருக்கத் தெரியாதவன். கடல் பார்த்தாயிற்று, ஆறு பார்த்தாயிற்று. இப்போது கொல்லிமலை. செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடம். மிளகு நன்றாகக் காய்த்த வருடங்களில் பெரியண்ணன் கட்டியது. அபார்ட்மென்ட் என்று பெயர்ப் பலகையெல்லாம் கிடையாது. ஊரில் 'ஆபீசருங்க ஊடு' என்கிறார்கள். என்னைத் தவிர எல்லோரும் கீழிருந்து வேலைக்கு வந்த அரசாங்க ஊழியர்கள் என்பதால் அந்தப் பெயர்.

அவர்களில் மூன்று பேரிடம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். முருகானந்தம் சார் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், ராசிபுரத்துக்காரர். தனபால் சர்வேயர், நாமக்கல். ஸ்டெல்லா கிராம சுகாதார செவிலியர், தாராபுரத்துப் பக்கம். மூன்று வண்டிகளும் சத்தமே இல்லாமல் வந்து நிற்கும், சத்தமே இல்லாமல் போகும். சத்தமெல்லாம் பிளக் விஷயத்தில்தான்.

அது கட்டட வேலை நடந்தபோது ஆசாரிகளின் மெஷினுக்காகப் போட்ட பதினைந்து ஆம்பியர் பிளக். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் இழைப்பு முடிந்து ஆசாரிகள் போய்விட்டார்கள். பிளக் தங்கிவிட்டது. அது இத்தனை பெரிய ஆளாக வரும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

இன்னொரு பாயிண்ட் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். லைன்மேன் வந்து பார்த்தார். மீட்டரைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இந்த சர்வீஸ் தாங்காதுங்க. த்ரீ ஃபேஸ் கேட்டு எழுதிப் போடுங்க" என்றார். எழுதிப் போட்டிருக்கிறது. இந்த மலைக்கு எதுவும் நேராக வருவதில்லை. வளைந்து வளைந்துதான் வரும்.

அதுவரை? பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர். முருகானந்தம் சார் முதல் மாடியிலிருந்து ஒன்றைத் தொங்கவிடுவார். தனபால் இரண்டாவது மாடியிலிருந்து. ஆனால் சுவர் பிளக்கின் வேகம் அதில் வராது. எங்கள் ஜன்னலுக்கு எதிரே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி மேலே ஏறுகிறது. இந்தப் பக்கம் கறுப்பு ஒயர் கீழே இறங்குகிறது. மேகம் வரும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது காய்க்கும், எது தீப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

வாரத்தின் மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. பள்ளி பக்கத்தில். தாலுகா ஆபீஸ் பக்கத்தில். யாராவது கொஞ்ச நேரம் போட்டு எடுத்துவிடுவார்கள். வினை வியாழக்கிழமையில்தான்.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செம்மேடு ஒரு பக்கமாகச் சாயும். பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆபீஸ் கதவுகள் சாத்தப்படும். பைகள் தோளில் ஏறும். பஸ்ஸிலும் ஜீப்பிலும் பைக்கிலும் கீழ்நாட்டு மனிதர்கள் எல்லோரும் மலையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவார்கள். அவரவர் வீடு, அவரவர் பிள்ளை, அவரவர் தலையணை. திங்கள் காலையில் அதே முகங்கள் மேலே வரும். மலையே வாரத்துக்கு ஒருமுறை மூச்சை விட்டு மூச்சை இழுப்பதுபோல எனக்குத் தோன்றும்.

இறங்குகிறவர்கள் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டுதான் இறங்குவார்கள். அது எழுதாத சட்டம். வியாழன் சாயங்காலத்திலிருந்து வெள்ளி சாயங்காலம்வரை பிளக் அவர்களுடையது. நான் இங்கே வருவதற்கு முன்பே அப்படித்தான். 'ஊருக்குப் போறோம்' என்ற வார்த்தைக்கு நம்மிடம் இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியாதா? அதைச் சொன்னால் கியூவில் வழி விடுவார்கள், ஆபீசில் பர்மிஷன் தருவார்கள். பிளக்கையும் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்டெல்லா மட்டும் வாரா வாரம் இறங்குவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை போனால் உண்டு. அவர் பார்க்க வேண்டிய ஊர்கள் மலைமேலேயே, ஆலத்தூர் நாட்டுப் பக்கம். தூரம் பெரிதில்லை. ஆனால் ஒவ்வொரு சிற்றூரும் ஒரு பள்ளத்தில் இருக்கும், இல்லை ஒரு மேட்டில் இருக்கும். இறங்கி ஏறி, இறங்கி ஏறி... கடைசி ஊரில் பாப்பாத்தி என்றொரு பெண். முதல் பிரசவம். மாசம் ஏறிவிட்டது. ரத்த அழுத்தம் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வெள்ளிக்கு வெள்ளி போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

எந்த நாளில் பிளக் அவருக்குக் கிடைக்காதோ, அதற்கு மறுநாள்தான் அந்தக் கடைசி ஊர்.

சண்டைக்கு முந்தைய வாரம் பாதிப் பேட்டரியோடு போயிருக்கிறார். திரும்பும்போது ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. மழை. மருந்துப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தார்.

"நல்ல கனமுங்க அண்ணா, இந்த வண்டி. ஓட்டறப்பத் தெரியறதில்லை."

"பஸ்ஸில் போய் வரக் கூடாதா?"

"பஸ்ஸு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நடுவுல நாலு ஊரு எப்படிங்க பாக்கறது? ஒரு ஊருலயே பகலெல்லாம் உக்காந்திருக்கோணும்." கொஞ்சம் நிறுத்தினார். "கவுன்சலிங் வருதுங்க. டிரான்ஸ்பர் கேட்டுரலாம்னு இருக்கேன். கீழ ஏதாவது ஊரு... ஒயரு மாட்டுனா சண்டைக்கு வராத ஊரு."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் விளையாட்டாகச் சொல்வார்கள். அப்புறம் ஒருநாள் அறை காலியாக இருக்கும். அந்த நாற்காலியில் அடுத்தவர் வந்து உட்கார எத்தனை மழை ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பாப்பாத்தியின் வயிறு அதற்காகக் காத்திருக்குமா?

சரி, மேகத்துக்குத் திரும்புவோம்.

பெரியண்ணன் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்தில் முதலில் அவருடைய மீசை தெரிந்தது, பிறகு அவர் தெரிந்தார். அண்ணாந்து பால்கனிகளைப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, மேல இருந்து ரெண்டு ஒயரு தொங்குது. கீழ பிளக்குல ஒண்ணு ஏறுது. மோட்டாரு ஓடற நேரம் வேற. இது ஊடா, மொளகுத் தோட்டமா?"

"இல்லீங்க, நாளைக்கு ஊருக்கு..."

"போங்க. ஆரு வேண்டாம்னாங்க? பஸ்ஸு ஓடுதுல்ல? என்ர மருமவன் போன்ல வீடியோ அனுப்பி வெச்சிருக்கான். நின்ன எடத்துலயே வண்டி திகுதிகுன்னு எரியுது. நீங்க டிரான்ஸ்பர்ல போயிருவீங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு கட்டடம்."

தனபால் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். சர்வேயர்கள் எதையும் ஒரு கல்லிலிருந்து தொடங்குவார்கள். "இப்ப வந்துங்க, இந்த மீட்டர் இருக்குது பாருங்க..."

"அளந்தது போதுங்க" என்றார் பெரியண்ணன்.

மோட்டாருக்கு ஃபியூஸ் போட்டார். விளக்குகள் வந்தன. பிளக்கின் ஃபியூஸ் கட்டையை மட்டும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, எனக்கு மட்டுமாச்சும்..." என்றார் ஸ்டெல்லா.

"கண்ணு, உனக்குக் குடுத்தா அவிங்களுக்கும் குடுக்கோணும். வேண்டாஞ் சாமி. இனி இங்க ஆரும் வண்டிக்குக் கரண்டு போட வேண்டாம்."

சொல்லிவிட்டு நடந்தார். மேகம் அவரை மூடிக்கொண்டது. மூன்று வண்டிகளின் உயிரும் ஒரு சட்டைப் பைக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா பஸ்ஸில் போனார். "இன்னிக்குப் பாப்பாத்தி மட்டுந்தாங்க. மத்த ஊரு பாக்க முடியாது" என்று போகிறபோது சொன்னார். சண்டையில் இருந்த கோபம் அந்தக் குரலில் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் எனக்குக் கீழே போக வேண்டியிருந்தது. மறுநாள் பேளுக்குறிச்சிச் சந்தை. சந்தையில் எனக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. கொத்துமல்லியும் மிளகாயும் குவிந்து கிடக்கும் இடத்தில் நின்று தும்முவது எனக்குப் பிடிக்கும். பஸ்ஸுக்குக் கிளம்பியவனை முருகானந்தம் சார் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வண்டியிலயே வாங்க சார். பாதிச் சார்ஜுதான் இருக்குது. வழியில நின்னுபோச்சுன்னா தள்ளறதுக்கு ஒரு ஆளு வேணும்."

இத்தனை வெளிப்படையான அழைப்பை எப்படி மறுப்பது?

ஏறி உட்கார்ந்தேன். திரையில் ஐம்பத்திரண்டு சதவீதம் என்று இருந்தது. முருகானந்தம் சார் சாலையைப் பார்த்ததைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்த்தார். முழுப் பேட்டரி இல்லாமல் அவர் மலை இறங்கியதே இல்லையாம். சோளக்காடு வரைக்கும் மேடும் பள்ளமும். எண் நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. "ராசிபுரம் போய்ச் சேர மாட்டமுங்க" என்றார், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி.

அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின.

இந்த இறக்கத்தைப் பற்றி நான் முன்பும் எழுதியிருக்கிறேன். ஆனால் பெட்ரோல் சத்தத்தோடு இறங்குவது வேறு, இப்படி இறங்குவது வேறு. வண்டியின் மூச்சே கேட்கவில்லை. காதில் காற்று. காற்றுக்குள் ஏதோ ஒரு பறவை. மரங்கள் எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தன. மேகம் ஒரு வளைவில் எங்களை விழுங்கும், அடுத்த வளைவில் துப்பும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் அடியில், மிகக் கீழே, சமவெளி வெயிலில் கிடந்தது. தூங்குகிறவன் கட்டிலிலிருந்து மெல்ல மெல்ல நழுவுவானே... அப்படி நழுவிக்கொண்டிருந்தோம்.

வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. கீழிருந்து மேலே எண்ணி எழுதியிருப்பார்கள். இறங்க இறங்க எண் குறையும். நான் அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சார்" என்றார் முருகானந்தம்.

"சொல்லுங்க."

"டிஸ்ப்ளே கெட்டுப்போச்சுங்க."

"என்ன ஆச்சு?"

"ஏறுது."

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது. இன்னும் சில வளைவுகள். ஐம்பது. பலகையில் எண் குறைகிறது, வண்டியில் எண் ஏறுகிறது. இரண்டு எண்களும் எதிரெதிரே நடந்து போகிற மாதிரி.

"ஏறினால் நல்லதுதானே சார்?"

"ஒயரே இல்லாம எப்படிங்க ஏறும்? அட, இன்னொண்ணு பாருங்க. ஆக்ஸிலேட்டரை விட்டாப் போதும், வண்டி தானா நிதானிக்குது. ஆரோ பொறத்தாண்ட சட்டையப் புடிச்சு இழுக்கற மாதிரி."

"நான் இழுக்கலை" என்றேன். வேறென்ன சொல்வது?

ஒரு வளைவின் அகலமான இடத்தில் நிறுத்தினார். கைப்பிடிச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முருகானந்தம் சார் குனிந்து சக்கரத்தை முகர்ந்தார். குரங்குகளும் குனிந்து அவரைப் பார்த்தன.

"வாராவாரம் இந்த எடம் வர்றதுக்குள்ள பிரேக்கு தீயற நாத்தம் வந்துருமுங்க. நிறுத்தி ஆற வெச்சுத்தான் போவேன். கம்பெனிக்காரனை எத்தனை தடவை திட்டியிருக்கேன்! இன்னிக்கு நாத்தத்தையே காணோம்."

அப்புறம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றார். ஒரு மனிதனுக்குத் தன் பாடப்புத்தகம் ஞாபகத்துக்கு வருவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"அடக் கடவுளே" என்றார். "எட்டாங் கிளாசுக்கு இதை நாந்தானுங்க நடத்துறேன்!"

விஷயம் இதுதான். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். வண்டி சரிவில் இறங்கும்போது மோட்டார் அந்த வேகத்தைப் பிடித்துக் கரண்ட்டாக மாற்றிப் பேட்டரிக்குள் போடுகிறது. அப்படிப் பிடிப்பதே பாதி பிரேக். ஆனால் போடுவதற்குப் பேட்டரியில் இடம் வேண்டும். விளிம்புவரை நிறைந்திருந்தால்? போட இடமில்லை, அதனால் பிடிப்பதும் இல்லை. வண்டி ஓடப் பார்க்கும். எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில். பிரேக் தீய்ந்து நாறும்.

சமவெளியில் பிறந்தவர்களின் பழக்கம் அது. தூரம் போகிறோமா, நிரப்பிக்கொள். மலை உச்சியில் குடியிருந்துகொண்டும் அதையே செய்திருக்கிறார்கள்.

"வண்டியோட குடுத்த புத்தகத்துல எழுதியிருக்குமே?" என்று கேட்டேன்.

"எழுதியிருக்கும். ஆருங்க படிச்சா?"

கேட்டது ஓர் ஆசிரியர் என்பதை நினைவில் வையுங்கள்.

அடிவாரத்து டீக்கடையில் தனபால் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். டீயைக் குடிக்காமல், தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எல்லைக் கல் இடம் மாறிவிட்ட வயலைப் பார்க்கிற பார்வை.

"வாத்தியாரே, உங்களுக்கு எவ்வளவு?"

"அம்பத்தி ரெண்டு. நீங்க?"

"நானும் கெளம்பறப்ப இருந்ததேதான் இருக்குது. எறங்குனதுக்குச் செலவே ஆவலைங்க! காத்தாட வந்து சேந்துட்டேன்."

கிளம்பும்போது இருந்த அதே ஐம்பத்திரண்டோடு நாங்களும் நின்றோம். மலையிலிருந்து இறங்கி, ஒன்றையும் இழக்காமல். முருகானந்தம் சார் உற்சாகமாக மோட்டார், காந்தம், ஆற்றல் மாற்றம் என்று ஒரு வகுப்பே எடுத்தார். டீக்கடைக்காரரும் கேட்டார். பிறகு திடீரென்று வகுப்பு நின்றுபோனது.

"அப்ப... வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை அந்தப் புள்ளகூட எதுக்குங்க சண்டை போட்டோம்?"

தனபால் டம்ளரைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். மேலே எங்கோ ஒரு சாயங்கால பஸ்ஸில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மற்ற ஊர்களைப் பார்க்காமல்.

எனக்கு மறுநாள் சந்தையில் தும்மல்கூட வரவில்லை. யோசனைதான் வந்தது.

கோயம்புத்தூரில் என் நண்பர் ஒருவர் பெரிய அடுக்ககத்தில் இருக்கிறார். சார்ஜிங் பாயிண்ட் விஷயமாக அங்கே சங்கக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறதாம். வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். பொதுக் கரண்ட் யாருடையது, லிஃப்டுக்குப் பக்கத்து இடம் யாருடையது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு... எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் எங்கே போகிறீர்கள்? நாளைக்கு உங்களுக்கு எவ்வளவு தூரம்? மேடா, பள்ளமா?

நாம் அதைக் கேட்பதில்லை. நிறைந்திருந்தால்தான் தைரியம் நமக்கு. முழு டேங்க், முழுக் குடம், முழுப் பை. இரண்டு நாள் ஊருக்குப் போகிறவர் ஒரு வாரத் துணியை எடுத்துக்கொள்கிறார். எனக்கும் அப்படித்தான். ஒரு ஊரிலிருந்து கிளம்பும்போது ஞாபகங்களை அமுக்கி அமுக்கி நிரப்பிக்கொண்டு போவேன். போகிற ஊரில் புதிதாக ஒன்று நுழைய இடம் வேண்டாமா? சரிவு எதையாவது கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. வாங்கி வைக்க நம்மிடம்தான் காலியிடம் இல்லை.

சரி, தத்துவம் போதும். ஃபியூஸ் கட்டை இன்னும் பெரியண்ணனின் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை மூன்று பேரும் அவரைப் பார்க்கப் போனார்கள். நானும் பின்னால் போனேன். மரவள்ளிக் காட்டில் களை எடுக்கிற ஆட்களோடு நின்றிருந்தார். முருகானந்தம் சார் எல்லாவற்றையும் சொன்னார்.

"எறங்குனா கரண்டு ஊறுதா? ஏனுங்க, கதை உடாதீங்க."

"சத்தியமுங்க. ஏறி உக்காருங்க, காட்டறேன்."

பெரியண்ணன் ஏறினார். வண்டி ஒருமுறை கீழே அமுங்கி எழுந்தது. போனார்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். இறங்கும்போதே பெரியண்ணன் கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"ஊறுச்சுங்க! கண்ணால பாத்தேன். ஆனா திரும்பி வாரப்ப அத்தனையும் குடிச்சுப்போட்டுது உங்க வண்டி! மேலயும் சேத்துக் குடிச்சுப்போட்டுது!"

"ஏறினாக் குடிக்குமுங்க. நாங்க ஊருல ஃபுல்லாப் போட்டுக்கிட்டு ஏறி வந்தர்றோம். மேல வந்தப்புறம் எங்களுக்கு என்ன ஓட்டம்? பள்ளிக்கூடம், ரூம்பு. மிச்சம் இருக்கறதே எறங்கறதுக்குப் போதும்."

பெரியண்ணன் மீசையைத் தடவினார். முருகானந்தத்தைப் பார்த்தார், தனபாலைப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"படிச்சவிங்கதானுங்க நீங்க? எறங்கறவிங்களுக்கு வேண்டவே வேண்டாம். மேலயே சுத்தற புள்ளைக்குத்தான் வேணும். நீங்க ரெண்டு பேரும் அதைப் புடிச்சு வெச்சுக்கிட்டு, கூடவே பிரேக்கையும் தீய வெச்சுக்கிட்டு... வாத்தியாரே, இந்தக் கதையப் பள்ளிக்கூடத்துல சொல்லிராதீங்க. பசங்க சிரிப்பாங்க."

"சிரிங்க, சிரிங்க" என்றார் முருகானந்தம். அவரும் சிரித்துவிட்டார்.

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, உங்க பயம் தப்பில்லீங்க" என்றார். "எலெக்ட்ரீசியனைக் கூட்டியாந்து பிளக்குக்குன்னு தனி பிரேக்கர் போட்டுக்கலாம். எர்த்து ஒயரு இருக்குதான்னு பாக்கச் சொல்லலாம். ஒரு நேரத்துக்கு ஒரு வண்டி. மோட்டாரு ஓடறப்ப வண்டி போடறதில்லை. பால்கனி ஒயரு வேண்டவே வேண்டாம்."

"நான் முழிச்சிருக்கற நேரத்துல மட்டுந்தான்" என்றார் பெரியண்ணன்.

"சரிங்க."

"வெசாழன் சாயங்காலம் உனக்கு. வெள்ளியும் உனக்கு. இவிங்க வந்து கேட்டாங்கன்னா என்னைக் கூப்புடு."

சட்டைப் பையில் கை விட்டார். வேறு சட்டைதான் போட்டிருந்தார். கட்டையும் சட்டை மாறி வந்திருந்தது. இத்தனை நாளும் அதை நம்பி வீட்டில் வைக்கவில்லை போலிருக்கிறது. வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார், கடைசியில் அந்தப் பீங்கான் கட்டை வந்தது. துடைத்து ஸ்டெல்லாவின் கையில் வைத்தார்.

"இந்தா கண்ணு. நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டயா, டிரான்ஸ்பருக்கு?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது. மலையில் எதையும் மறைக்க முடியாது, மேகத்துக்குள்கூட.

"இன்னும் நேர்ல போகோணுங்க. கவுன்சலிங்குக்கு" என்றார் ஸ்டெல்லா.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும்.

எலெக்ட்ரீசியன் வந்தார். எர்த் ஒயர் எங்குமே போய்ச் சேராமல் சுவருக்குள் சும்மா படுத்திருந்ததைக் கண்டுபிடித்தார். பெரியண்ணன் நெற்றியைத் தொட்டு, யாருக்கோ கும்பிடு போட்டார். புதிதாகக் குழி தோண்டிக் கம்பி இறக்கினார்கள். பால்கனி ஒயர்கள் சுருட்டப்பட்டன. இப்போது எதிரே மிளகுக் கொடிகள் மட்டும் தனியாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமும் மேகம் வந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். குரல்கள் இல்லை. வண்டிகள் தெரியவில்லை. வெள்ளைக்குள் ஒரே ஒரு பச்சை விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னியது, ஏதோ ஒன்று தூக்கத்தில் மெல்ல நிறைந்துகொண்டிருப்பதுபோல. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பெரியண்ணன் காவல் காத்துக்கொண்டிருந்தார். வீடியோவின் பயம் முழுக்கப் போகவில்லை.

மறுநாள் ஸ்டெல்லா நான்கு ஊர்களையும் பார்த்துவிட்டுப் பொழுதிருக்கவே வந்துவிட்டார். பாப்பாத்திக்குக் கால் வீக்கம் கூடியிருந்ததாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அது வரும்வரை கூடவே இருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாராம். "பஸ்ஸு போனப்புறந்தானுங்க ஆம்புலன்ஸு வந்துச்சு. அந்தச் சாயங்கால பஸ்ஸை நம்பியிருந்தா இன்னிக்கு அங்கத்தான் ராத்தங்கலுங்க அண்ணா" என்றார். முகம் வாடியிருந்தது. கண் மட்டும் வாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தகவல் வந்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

கவுன்சலிங் இந்த வாரம். கீழே எங்கே, எத்தனை மணிக்கு என்று ஸ்டெல்லாவுக்கு போனில் வந்துவிட்டது. நாங்கள் மூன்று ஆண்களும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னென்னவோ பேசினோம். மழை, மரவள்ளி, புது பஸ். முருகானந்தம் சார் ஒருபடி மேலே போய், வியாழக்கிழமை தன் வண்டியைப் பிளக் இருக்கும் தூணிலிருந்து தள்ளி, மழைச் சாரல் அடிக்கிற மூலையில் நிறுத்தினார். பாவம், நனைந்துகொண்டே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் வண்டி கட்டடத்தை விட்டு வெளியே வந்தது. கீழே போகிற சாலை இடது பக்கம். ஆலத்தூர் நாட்டுக்குப் போகிற சாலை வலது பக்கம்.

வண்டி வலது பக்கம் திரும்பியது.

கவுன்சலிங் நடந்தது அந்த வெள்ளிக்கிழமை காலைதான். வெள்ளிக்கிழமை பிளக் கிடைத்த பிறகு எந்தப் புத்திசாலி ஊரை மாற்றுவார்?